இருளைப் படம் பிடித்தல்: தென்வானத்துக் கருமுகில்கள்

இருள் என்பது ஒளி இல்லாமை என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். விளக்கை ஏற்றினால் இருள் போகிறது, அணைத்தால் வருகிறது. அதற்கெனத் தனியே ஒரு பொருண்மை உண்டென்று நாம் கருதுவதில்லை. ஆனால் விண்ணில் காணும் இருள் முழுவதும் அத்தகையதன்று. அங்கே சில இடங்களில் இருளே ஒரு பொருளாக இருக்கிறது. அதற்கு எடை உண்டு, வடிவம் உண்டு, இவ்வளவு தொலைவில் உள்ளது என்று அளந்து கூறும் இடமும் உண்டு. நாளைப் பிறக்கவிருக்கும் விண்மீன்கள் அதனுள்ளே கருக்கொண்டிருப்பதும் உண்டு. இந்த உண்மையை மனிதன் வெறுங்கண்ணால் அறியவில்லை. நிழற்படத்தின் துணையால் அறிந்தான். அவ்வாறு அறிந்த வரலாற்றையும், இன்று அவ்விருளைப் படம் பிடிப்போர் கையாளும் முறைகளையும், அம்முயற்சிக்கு நம் காலத்தில் நேர்ந்துள்ள இடையூற்றையும் இவ்வுரையில் காண்போம்.

நிலவில்லாத இரவில், நகர ஒளி எட்டாத இடத்தில் நின்று அண்ணாந்து பார்ப்போருக்கு ஆகாய கங்கை வெண்மையான ஒரு நீண்ட பட்டையாகத் தோன்றும். சற்றுக் கூர்ந்து நோக்கினால், அந்த வெண்மை ஒரே சீராக இல்லை என்பது விளங்கும். ஆற்றின் நடுவே மணல்திட்டுகள் கிடப்பதைப் போல, அதன் இடையிடையே கரிய திட்டுகள் கிடக்கும். இவற்றுள் மிகப் புகழ்பெற்றது தென்சிலுவை மண்டலத்தின் அருகே உள்ளது. நம் நாட்டில் திரிசங்கு என்று பலர் வழங்குவது இந்தத் தென்சிலுவையைத்தான். அதன் ஓரத்தில் ஏறக்குறைய 7 பாகை நீளமும் 5 பாகை அகலமும் உடைய கரும்பகுதி ஒன்று உண்டு. முழுநிலவின் விட்டம் அரைப் பாகையே என்பதை நினைவிற் கொண்டால், இதன் பரப்பு எத்தகையது என்பது புலப்படும். தென்கடலில் கப்பல் செலுத்திய ஐரோப்பியர் இதற்குக் கரிமூட்டை என்று பெயரிட்டனர்.

அவர்கள் காண்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தென்னாட்டு மக்கள் இதனை அறிந்திருந்தனர். ஆஸ்திரேலியாவின் பழங்குடியினருள் பலர் கரிமூட்டையை ஓர் ஈமு பறவையின் தலையாகவும், அதிலிருந்து விருச்சிகம் வரை நீளும் கரும்பட்டையை அப்பறவையின் கழுத்தாகவும் உடலாகவும் கண்டனர். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் வாழ்ந்த இன்கா மக்கள், ஆகாய கங்கையின் கரும்பகுதிகளில் லாமா என்னும் விலங்கையும், பாம்பையும், தேரையையும் கண்டனர். நாமும் ஏனையோரும் ஒளிப்புள்ளிகளை இணைத்து மேடம், இடபம் என உருவம் அமைத்தோம். அவர்களோ இருளையே உருவமாகக் கொண்டார்கள். இருட்டை ஒன்றுமில்லாத வெளி என்று தள்ளாமல், உள்ள பொருளாக அவர்கள் எண்ணியது வியப்புக்குரியது. பிற்காலத்து விஞ்ஞானம் முடிவில் அவர்கள் பக்கமே வந்து சேர்ந்தது.

ஆனால் அது எளிதில் வந்து சேரவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் ஹெர்ஷல், தம் கையால் செய்த பெருந்தொலைநோக்கிகளைக் கொண்டு வானத்தைப் பகுதி பகுதியாக ஆராய்ந்தவர். விருச்சிக மண்டலத்தை நோக்கியபோது, விண்மீன்கள் செறிந்த இடத்தின் நடுவே திடீரென்று ஒன்றுமே இல்லாத ஒரு வெளி தோன்றியது. அது வானில் உள்ள ஓர் ஓட்டை என்று அவர் கருதினார். அதன் ஓரத்தில் அடர்ந்த விண்மீன் கூட்டம் ஒன்று இருந்தது. ஓட்டையில் இருந்த விண்மீன்களே ஈர்ப்பினால் அங்கே போய்க் குவிந்திருக்கலாம் என்பது அவர் ஊகம். இந்தக் காட்சியை உடனிருந்து குறிப்பெடுத்த தங்கை கரோலின் ஹெர்ஷல் தம் முதுமையிலும் மறக்கவில்லை. 1833-ஆம் ஆண்டில், தம் 83-ஆம் வயதில், தென்னாப்பிரிக்காவுக்குப் புறப்படவிருந்த தமையன் மகன் ஜான் ஹெர்ஷலுக்கு எழுதி, விருச்சிகத்தின் அப்பகுதியைக் கவனித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டார். ஜானும் 1834 முதல் 1838 வரை நன்னம்பிக்கை முனையில் தங்கித் தென்வானத்தை முழுவதும் ஆராய்ந்தார். வெற்றிடங்கள் பலவற்றைக் கண்டார். ஆயினும் அவை யாவை என்னும் வினாவுக்கு விடை கிடைக்கவில்லை.

விடை கிடைக்காமைக்குக் காரணம் உண்டு. மனிதனின் கண் ஒளியைச் சேர்த்து வைக்கும் பாத்திரமன்று. ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் வந்த ஒளியைக் கொண்டு ஒரு காட்சியை அமைத்துவிட்டு, அடுத்த கணத்தில் அதனைத் துடைத்துவிட்டுப் புதியதொன்றை அமைப்பது அதன் இயல்பு. எனவே ஒரு மணி நேரம் ஓரிடத்தையே உற்றுப் பார்த்தாலும், முதல் சில நிமிடங்களில் தெரிந்ததற்குமேல் அதிகமாகத் தெரிவதில்லை. நிழற்படத் தகடு அப்படியன்று. மழைநீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் குடத்தைப் போல அது ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு எட்டாத மங்கலான பொருளும், நேரம் நீள நீள அதில் உருப்பெற்று வரும்.

இந்தக் குடத்தைப் பொறுமையோடு ஏந்தியவர்களுள் தலையாயவர் எட்வர்ட் எமர்சன் பார்னார்டு என்னும் அமெரிக்கர். 1857-ஆம் ஆண்டில் நாஷ்வில் நகரில் வறுமை மிக்க குடும்பத்தில் பிறந்தவர், தந்தையைக் கண்டறியாதவர், பள்ளிக் கல்வி பெரும்பாலும் இல்லாதவர். ஒன்பது வயது நிரம்புமுன்பே ஒரு நிழற்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அக்காலத்தில் படங்களைப் பெரிதாக்குவதற்குச் சூரிய ஒளியையே பயன்படுத்தினர். கூரைமேல் இருந்த பெரிய கருவியைச் சூரியன் நகர நகரத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் அச்சிறுவனின் பணி. வானத்தில் நகரும் ஒரு பொருளை விடாமல் பின்தொடரும் பொறுமையை அவர் கற்றது அந்தக் கூரையின்மேல்தான். பின்னாளில் தொலைநோக்கியின் அருகே அமர்ந்து, ஒரு விண்மீன் தன் இடம்விட்டு மயிரிழையும் விலகாதவாறு மணிக்கணக்கில் கையால் திருத்திக்கொண்டே படம் எடுத்தபோது, இளமையில் பயின்ற அதே தொழிலையே அவர் செய்தார் எனலாம்.

பார்னார்டு பணியாற்றிய யெர்க்ஸ் ஆய்வகம் வடக்கே 42 பாகை அகலாங்குக்கும் அப்பால் உள்ளது. ஆகாய கங்கையின் தென்பகுதி அங்கிருந்து நன்றாகத் தெரிவதில்லை. ஆகவே 1905-ஆம் ஆண்டில் அவர் 10 அங்குல வில்லையுள்ள புரூஸ் தொலைநோக்கியைத் தெற்கே கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலைக்குக் கொண்டு சென்று, மாதக்கணக்கில் தங்கிப் படமெடுத்தார். தெற்கே செல்லச் செல்லத் தென்வானம் மேலெழும் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தச் சிறு உண்மை நமக்கும் பின்னர்ப் பயன்படும்.

படங்களில் கரும்பகுதிகள் நூல்போலவும், கிளைவிட்ட ஆறுபோலவும், மைத்துளிபோலவும் தோன்றின. ஆயினும் அவை ஓட்டைகளே என்னும் பழைய எண்ணத்தைப் பார்னார்டு உடனே விட்டுவிடவில்லை. பல ஆண்டுகள் இரு பக்கமும் சீர்தூக்கிக்கொண்டிருந்தார். 1913-ஆம் ஆண்டின் கோடையில் ஓரிரவு தென்திசை ஆகாய கங்கையைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, தனுசு மண்டலத்தின் ஒளிமிக்க பகுதிக்கு முன்னே சிறுசிறு மேகத் துணுக்குகள் மிதந்து சென்றன. பகலில் வெண்மையாகத் தோன்றும் மேகம், பின்னே விண்மீன்களின் ஒளி இருந்தமையால் மைபோலக் கறுத்துத் தோன்றியது. அவர் படங்களில் கண்ட கறைகளுக்கும் அந்த மேகங்களுக்கும் தோற்றத்தில் வேறுபாடே இல்லை. வானத்தில் இருப்பவை ஓட்டைகள் அல்ல, பின்னுள்ள ஒளியை மறைக்கும் முகில்களே என்னும் கருத்து அவருள் உறுதிப்பட இக்காட்சியும் துணைசெய்தது. 1919-இல் அத்தகைய 182 கரும்பகுதிகளின் பட்டியலை வெளியிட்டார். 1923-இல் அவர் மறைந்தார். அவர் திரட்டிய ஆகாய கங்கைப் படத்தொகுதியை ஆய்வகத் தலைவர் எட்வின் ஃபிராஸ்டும், பார்னார்டின் மனைவியின் உறவினரான மேரி கால்வெர்ட்டும் நிறைவுசெய்து 1927-இல் வெளிக்கொணர்ந்தனர். அச்சுப் படம் நுட்பங்களை மறைத்துவிடும் என்று அஞ்சி, ஒவ்வொரு பிரதியிலும் உண்மையான நிழற்படங்களையே ஒட்டச் செய்தார்கள். அதற்கென எடுத்த 35,000-க்கும் மேற்பட்ட பிரதிகளைப் பார்னார்டு தாமே ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்திருந்தார்.

ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் மாக்ஸ் வுல்ஃப் என்பார் வேறொரு வழியில் இம்முடிவை உறுதிசெய்தார். கரும்பகுதியில் தெரியும் விண்மீன்களை ஒளியளவு வாரியாக எண்ணினார். அருகேயுள்ள தெளிந்த பகுதியிலும் அவ்வாறே எண்ணினார். ஒளிமிக்க அண்மை விண்மீன்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. ஒரு குறிப்பிட்ட ஒளியளவுக்குக் கீழே கரும்பகுதியில் மட்டும் எண்ணிக்கை சட்டெனக் குறைந்தது. அந்தத் தொலைவில் ஏதோ ஒரு திரை தொங்குகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. திரைக்கு முன்னுள்ளவை தெரிகின்றன, பின்னுள்ளவை மறைகின்றன.

இத்திரை எதனாலானது? நெபுலா என்னும் இலத்தீன் சொல்லுக்கு மூடுபனி, முகில் என்பன பொருள். ஆதலின் ஒளிராத இவ்வகை நெபுலாவைக் கருமுகில் என்று நாம் வழங்கலாம். எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு இது வாயுவே, பெரும்பாலும் ஹைட்ரஜன். எஞ்சிய ஒரு பங்கே தூசி. அந்தத் தூசியின் ஒரு துகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியது. அடுப்புப் புகையின் துகளை ஒத்தது. இத்துணைச் சிறிய துகள், அதிலும் நூற்றில் ஒரு பங்கு, எவ்வாறு வானத்தை மறைக்கிறதெனின், முகிலின் கனம் அத்தகையது. சில துகள்கள் மறைப்பதில்லை. பல கோடி கோடி மைல் ஆழத்துக்கு அடுத்தடுத்து நிற்கும் துகள்கள் மறைக்கின்றன.

இத்தூசி நீல ஒளியை மிகுதியாகத் தடுத்துச் செவ்வொளியை ஓரளவு கடக்கவிடும். மாலைச் சூரியன் சிவந்து தோன்றுவது போன்றதே இது. சிவப்புக்கும் அப்பாற்பட்ட அகச்சிவப்பு ஒளி இன்னும் எளிதாகக் கடக்கும். இதற்குச் சிறந்த சான்று பார்னார்டு 68 என்னும் சிறு கருமுகில். ஏறக்குறைய 500 ஒளியாண்டுத் தொலைவில், விருச்சிகத்துக்கு மேலுள்ள ஒஃபியூக்கஸ் மண்டலத்தில் இருக்கும் இதன் குறுக்களவு அரை ஒளியாண்டே. சாதாரண ஒளியில் எடுத்த படத்தில் இது விண்மீன்களிடையே கத்தரித்து எடுத்த துளைபோலத் தோன்றும். சிலி நாட்டிலுள்ள தொலைநோக்கியால் அகச்சிவப்பில் படமெடுத்தபோது, துளையின் நடுவே விண்மீன்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. முகிலுக்குப் பின்னிருந்த ஏறக்குறைய 3,700 விண்மீன்களை எண்ணினார்கள். அவற்றுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை சாதாரண ஒளியில் காணவே இயலாதவை. ஒவ்வொன்றும் எவ்வளவு சிவந்துள்ளது என்று அளந்து, முகில் எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தி என்பதை 2001-ஆம் ஆண்டில் கணக்கிட்டு வெளியிட்டனர். ஹெர்ஷல் காலத்தில் ஓட்டை எனப்பட்ட இனத்தைச் சேர்ந்த ஒன்றுக்கு இவ்வாறு உள்ளமைப்பே வரையப்பட்டுவிட்டது. அதன் உட்பகுதி தனிச்சுழியிலிருந்து பத்துப் பாகை அளவே வெப்பமுடையது. இத்தகைய குளிர்ச்சியில்தான் வாயு தன் எடையாலேயே சுருங்கி விண்மீனாக முடியும். நம் சூரியனும் ஒரு காலத்தில் இத்தகைய முகிலிலிருந்தே பிறந்தது.

இனி, படம் பிடிக்கும் முறைக்கு வருவோம். கருமுகிலைப் படம் பிடித்தல் என்பது இருவகைப்படும். பின்னே விண்மீன்கள் செறிந்திருந்தால், முகில் நிழலுருவாகத் தானே தெரியும். கரிமூட்டை இவ்வகையினது. பின்னே விண்மீன்கள் அருகியிருந்தால் மறைப்பதற்கு ஒளி இல்லை, நிழலும் இல்லை. அங்கே முகிலின் சொந்த ஒளியையே நம்ப வேண்டும். கருமுகிலுக்கு ஏது ஒளி என்று நேயர்கள் கேட்கலாம். முற்றிலும் கரியது என்று ஒன்று வானில் இல்லை. ஆகாய கங்கையின் கோடிக்கணக்கான விண்மீன்களின் ஒளி எல்லாத் திசையிலிருந்தும் அதன்மேல் வீழ்கிறது. நிலவொளியில் மலைச்சரிவு மங்கித் தெரிவது போல, முகிலும் அந்த ஒளியைச் சிறிது சிதறவிட்டு, மங்கிய பழுப்பு நிறத்தில் தோன்றுகிறது. கரிமூட்டையும்கூட, சுற்றியுள்ள ஆகாய கங்கையின் ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை உடையது என்று பின்லாந்தைச் சேர்ந்த கலேவி மத்திலா 1970-இல் கணக்கிட்டுக் காட்டினார்.

தென்மகுடம் எனப்படும் மண்டலத்தில் இவ்விரு வகையையும் ஒருங்கே காணலாம். தனுசுக்கும் விருச்சிகத்தின் வாலுக்கும் தெற்கே, ஏறக்குறைய 500 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு நீண்ட கருமுகில் கிடக்கிறது. அதன் ஒரு தலைப்பில் இளம் விண்மீன்கள் பிறந்து, சூழ்ந்த தூசியை நீலமாக ஒளிரச் செய்கின்றன. அங்கிருந்து விலக விலக நீலம் மங்கிப் பழுப்பாகி, பழுப்பு கருமையில் கரைகிறது. தென்துருவத்துக்கு அருகே பச்சோந்தி மண்டலத்திலுள்ள முகில்கள் இன்னும் மங்கலானவை. தென்வானத்தைப் படமெடுப்போர் தங்கள் திறமைக்கு உரைகல்லாகக் கொள்பவை இவையே.

இதற்கு வேண்டும் கருவிகள் இன்று தனிமனிதர் கையிலும் உள்ளன. பழைய நிழற்படத் தகடு, தன்மேல் வீழும் ஒளித்துகள்கள் நூற்றில் ஓரிரண்டையே பதிவு செய்யும். நேரம் செல்லச் செல்லச் சோர்ந்தும் போகும். அக்குறையை நீக்கவும் அந்நாளில் அரும்பாடுபட்டனர். ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் மலையில் 1973 முதல் தென்வானத்தைப் படமெடுத்த ஷ்மிட் தொலைநோக்கியின் தகடுகளை நைட்ரஜன், ஹைட்ரஜன் வாயுக்களில் பதப்படுத்தி உணர்வைக் கூட்டினார்கள். அங்கே பணிபுரிந்த டேவிட் மாலின், தகட்டின் மேற்பரப்பில் புதைந்திருந்த மிக மங்கலான பதிவை மட்டும் வெளிக்கொணரும் நகலெடுப்பு முறையை வகுத்தார். இன்றைய காமிராவிலுள்ள சிலிக்கன் உணரி, நூறு ஒளித்துகளில் எழுபது எண்பதைக்கூடப் பதிவு செய்ய வல்லது, சோர்வதும் இல்லை.

பூமி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்கின்றன. ஆகவே காமிராவைத் தாங்கும் பீடம் அதே வேகத்தில் எதிர்ப்புறம் சுழல வேண்டும். பார்னார்டு கையால் செய்ததை இன்று சிறு மோட்டாரும் ஒரு துணைக் காமிராவும் செய்கின்றன. பீடத்தின் அச்சை வான்துருவத்தை நோக்கி நிறுத்த வேண்டும். நம் நாட்டில் இதற்குத் துருவ நட்சத்திரம் உண்டு. தென்னரைக் கோளத்தில் இருப்போர்க்கு அந்த வசதி இல்லை. அங்கே துருவத்தருகே உள்ள விண்மீன் வெறுங்கண்ணுக்கு அரிதாகவே தெரியும்.

பின்னர் ஒரே இடத்தை ஐந்து நிமிடம் வீதம் பல முறை படமெடுக்கின்றனர். நூறு படம் எனின் எட்டு மணி நேரத்துக்கு மேலாகும். இரண்டு மூன்று இரவுகளும் ஆகலாம். இப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கணினியால் சராசரி காண்பர். முகில் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். பிழைப்புள்ளிகளோ படத்துக்குப் படம் இடம் மாறும். ஆகவே சராசரியில் முகில் நிலைக்கும், பிழை கரையும். நான்கு படம் சேர்த்தால் பிழை பாதியாகும். நூறு படம் சேர்த்தால் பத்தில் ஒன்றாகும். குறுக்கே செல்லும் செயற்கைக் கோளின் கோடும் இம்முறையால் நீக்கப்படும். இதனோடு, வில்லையை மூடிவைத்து எடுத்த படத்தால் உணரியின் சொந்தக் குறைகளைக் கழிப்பர். சீரான வெளிச்சத்தை நோக்கி எடுத்த படத்தால் வில்லையின் ஓரமங்கலையும் தூசிக்கறையையும் திருத்துவர்.

இதன்பின் வருவது நேர்மைக்கு உரிய கட்டம். முகிலின் ஒளி வானத்தின் பொது ஒளியைக் காட்டிலும் நூற்றில் சில பங்கே மிகுதி. அதனை நம் கண்ணுக்குப் புலப்படுமாறு பெருக்கியாக வேண்டும். எவ்வளவு பெருக்கலாம்? மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இவ்வினா புதியதன்று. மூலத்தில் உள்ளதை வாசகருக்கு விளங்குமாறு எடுத்துரைப்பது நம் கடமை. இல்லாததைச் சேர்ப்பது குற்றம். விண்படம் எடுப்போரும் இதே விதியைப் போற்றுகின்றனர். படம் முழுவதையும் ஒரே முறையில் பெருக்குவார்கள். ஓரிடத்தை மட்டும் விரும்பியவாறு தீட்டமாட்டார்கள். ஓரிரவில் தோன்றிய இழை, மற்றோர் இரவில் எடுத்த படத்திலும் தோன்றினால்தான் அது முகில் எனக் கொள்வார்கள். அவ்வாறு சோதித்த படமே சான்றாகும். ஏனையது வெறும் அலங்காரம்.

இத்தனை நுட்பமும் ஒருபுறம் இருக்க, எல்லாவற்றுக்கும் அடிப்படையானது இருண்ட வானம். இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நகரின் நடுவே வானம், மாசற்ற இடத்து வானத்தைவிட ஏறக்குறைய 40 மடங்கு ஒளியுடையதாக இருப்பது சாதாரணம். அவ்வொளி முகிலின் ஒளியோடு கலந்து பிழையைப் பெருக்குகிறது. இருண்ட வானத்தின் கீழ் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் தெளிவைப் பெற, நகரில் 40 மணி நேரம் படமெடுக்க வேண்டும். விலை மிகுந்த கருவியாலும் இந்தக் குறையை ஈடுசெய்ய இயலாது. நமீபியாவின் பாலை நிலங்களுக்கும், சிலியின் அட்டகாமா மலைகளுக்கும், ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளுக்கும் படமெடுப்போர் நெடும்பயணம் செய்வது இதனாலேயே. மக்கட்தொகையில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் ஒளியால் மாசுபட்ட வானத்தின் கீழ் வாழ்கின்றனர் என்றும், மூன்றில் ஒரு பங்கினர் ஆகாய கங்கையையே காண இயலாதவர் என்றும் 2016-இல் வெளிவந்த உலக அளவிலான ஆய்வு கூறிற்று. பின்னுள்ள வெண்மை மறைந்தபின் முன்னுள்ள கருமை எங்ஙனம் தெரியும்? விண்ணின் இருளை நாம் இழந்தது, அதைக் காட்டிலும் அதிகமான ஒளியை நாமே ஏற்றியதால்தான். அவ்வொளியிலும் பெரும்பகுதி தெருவுக்குப் பயன்படாமல் மேல்நோக்கி வீணாகிறது. விளக்குக்கு ஒரு மூடி, தேவையற்ற நேரத்தில் ஓர் அணைப்பு, நீலம் குறைந்த ஒளி என்னும் எளிய செயல்களே இதற்குப் பெரும்பாலும் போதுமானவை.

நம் நாட்டில் இதற்கு முன்மாதிரி உண்டு. லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. சுற்றியுள்ள பகுதி 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராம மக்கள் சன்னல்களுக்குத் திரையிட்டும், விளக்குகளுக்கு மூடியிட்டும் இரவைக் காக்கின்றனர். தமிழகத்தில் ஜவ்வாது மலையின் காவலூரில் 1968 முதல் வானாய்வு நடந்து வருகிறது. 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ளது. அவ்விடத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம், தெற்கே அமைந்திருப்பதால் தென்வானம் நன்கு புலப்படும் என்பது.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இச்செய்தி தனிப்பட்ட பொருளுடையது. நாம் வடக்கே குடிபெயர்ந்தபோது ஊரையும் உறவையும் மட்டும் விட்டு வரவில்லை. வானத்தின் ஒரு பகுதியையும் விட்டு வந்திருக்கிறோம். திருநெல்வேலியில் கரிமூட்டை தெற்கே 18 பாகை உயரம் வரை எழும், சென்னையில் 14 பாகை, மும்பையில் 8, கொல்கத்தாவில் ஏறக்குறைய 5. தில்லியிலோ அதன் பெரும்பகுதி தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. தில்லியில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள், பாட்டியின் கிராமத்துக்கு மேலே உள்ள வானத்தின் அடிப்பகுதியைத் தம் வீட்டு மாடியிலிருந்து ஒருநாளும் கண்டிருக்க இயலாது.

நற்பேறாக, பள்ளி விடுமுறையும் இம்முகில்களின் பருவமும் ஒத்துவருகின்றன. மே மாத நடுவில் இரவு ஒன்பதரை மணியளவில் தென்சிலுவை நேர் தெற்கே நிமிர்ந்து நிற்கும். அதன் இடப்புறக் கீழ்மூலையை ஒட்டி, விண்மீனே இல்லாதது போன்ற கரிய இடம் தெரியுமாயின் அதுவே கரிமூட்டை. நிலவில்லாத நாளாகவும், தெற்கே நகரம் இல்லாத இடமாகவும் இருக்க வேண்டும். கண் இருளுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். பின்னிரவு மூன்றரை மணியளவில் எழுந்தால், தனுசுவுக்குக் கீழே தென்மகுடம் அரைவட்ட மாலைபோல உச்சமடைந்திருக்கும். தென்மகுடம் தில்லியிலிருந்தும் 24 பாகை உயரத்துக்கு வரும். ஆனால் மாலை நேரத்தில் அது தோன்றும் ஆடி, ஆவணி மாதங்களில் நாட்டின் பெரும்பகுதியை மழைமேகம் மூடிவிடும். ஆகையால் மழைக்கு முந்திய பின்னிரவுகளே நமக்கு உகந்தவை.

காமிரா உடையோர் ஒரு முக்காலியின்மேல் அதனை நிறுத்தி, அகன்ற வில்லையால் பத்துப் பதினைந்து நொடி வீதம் ஐம்பது அறுபது படங்கள் எடுத்துக் கணினியில் சேர்த்துப் பார்க்கலாம். இந்நாளில் நல்ல கைப்பேசியும் இதற்கு ஓரளவு உதவும். கரிமூட்டையின் விளிம்பும், ஆகாய கங்கையின் நடுப்பிளவும் அதில் தெளிவாகப் பதியும். பெருங்கருவிகள் காட்டும் இழைகளை அதில் எதிர்பார்க்க வேண்டா. ஆயினும் கண்ணுக்கு வெறுமையாகத் தோன்றிய இடத்தில் ஒரு வடிவம் மெல்ல எழுவதைப் பிள்ளைகள் தம் கையால் காண்பார்கள். வெறுமை என்று சொல்லுமுன் சற்று நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்பதை அவர்களுக்கு அறிவுறுத்த இதனினும் எளிய வழி இல்லை. அதற்கு ஊரின் இரவு இருட்டாகவே இருக்க வேண்டும். அதைக் காப்பது ஊரில் இருப்போர்க்கும், விடுமுறையில் ஊர் திரும்பும் நமக்கும் பொதுவான கடமையாகும்.